ஒரு பக்கம் மட்டும் கட்டிய கப்பல்

காலை ஐந்து ஐம்பது. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் சைக்கிளை விட்டு இறங்கியபோது முதலில் தெரிந்தது ஒரு புகைபோக்கி. கறுப்பு வண்ணம், உச்சியில் சிவப்புப் பட்டை, பக்கத்திலிருந்த பனை மரத்தைவிட ஓர் ஆள் உயரம் அதிகம். முந்தைய நாள் பிற்பகல் நான் ஆபீசுக்குப் போகும்போது அந்த இடத்தில் சவுக்குக் கழிகள் மட்டும் நட்டிருந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம், ஜனவரி மாதம். மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பியிருந்தது. நான் சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். இரவு ஷிப்ட் முடிந்ததும் முதல் வண்டியில் தாம்பரம் வந்து, ஸ்டாண்டில் விட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக வீட்டுக்குப் போவேன். கரை முனையில் டீக்கடை. கடைக்காரர் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், உங்க வூட்டாண்டயே கப்பல் வந்து நின்னுகினு கீது. இனிமே ரயில்ல எதுக்குப் போற? இதுலயே ஏறிக்க."

சினிமாக் கம்பெனி ஒன்று போட்ட செட் அது. யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து ஜனங்களை ஏற்றி வந்த கப்பல் கடலில் மூழ்குவதாகக் கதை. டீக்கடைக்காரருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவரும் அவர் மனைவியும் பயணிகளாக நடிக்கப் பெயர் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் வீடு ஏரிக்கு மேற்கே, புதிதாகப் பிரித்த மனைகளில் மூன்றாவது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியும். அன்று தெரிந்தது கப்பலின் முதுகு. காமிரா எதிர்க்கரையில் வைப்பதால் அந்தப் பக்கத்தை மட்டும்தான் கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கம் கழிகள், கயிறுகள், கோணிப்பைகள், காயப்போட்ட ஒரு பனியன். என் மனைவி காப்பி டம்ளரோடு வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தாள். தாம்பரத்தில் மிஷன் பள்ளி ஒன்றில் ஆசிரியை. பள்ளிக்குக் கிளம்ப இன்னும் நேரமிருந்தது.

"மேல் தட்டுக்குப் போற ஏணியை வைக்கலை" என்றாள்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு கப்பல் பற்றி அவள் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அது.

எங்களுக்குக் கல்யாணமானது அறுபத்தொன்றில். அவள் ரங்கூனில் பிறந்தவள், எட்டு வயதில் இங்கே வந்தாள், தாம்பரத்தில் அத்தை வளர்த்தார் என்பது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். எப்படி வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு நாற்பதுக்கு, ஆராதனைக்காகக் கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் என் ஷூ லேஸில் முடிச்சு விழுந்துவிட்டது. நான் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காதீங்க. இழுத்தா இறுகும்" என்று கீழே உட்கார்ந்து முடிச்சை விரலால் நெகிழ்த்தினாள். "எங்க அப்பாவும் இப்படித்தான் இழுத்தாங்க."

"எங்கே?"

"கப்பல்ல."

தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். ரங்கூனில் அவள் அம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அப்பா மரக் கம்பெனியில் கிளார்க். குண்டு விழ ஆரம்பித்த பிறகு இருவருக்கும் கப்பலில் இடம் கிடைத்தது. கிளம்பி மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், அடியில் ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. அப்புறம் கப்பல் ஒரு பக்கமாக மெதுவாகச் சாய்ந்தது.

"யாருமே கத்தலைங்க. சாப்பாட்டு ஹால்ல பிளேட்டுங்கதான் ஒண்ணு பின்னால ஒண்ணா விழுந்துகிட்டே இருந்துச்சு. எல்லாரும் அதையே கேட்டுகிட்டு நின்னாங்க. அப்பா என்னைப் பெஞ்சுல உக்கார வச்சு ஷூவைக் கழட்டினாங்க. பயணத்துக்குன்னு வாங்கின புது ஷூ. தண்ணில கனக்கும்னு. வலது ஷூவைக் கழட்டிட்டாங்க."

அந்த இடத்தில் நான், "தேதி என்ன?" என்றேன்.

கொடுமைக்காகக் கேட்கவில்லை. அப்போது எனக்கு டெஸ்கில் ஐந்து வருஷ அனுபவம். தேதி இல்லாத செய்தி வந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு நிருபருக்குப் போன் செய்வோம். கை அதற்குப் பழகியிருந்தது. தேதி தெரியாது, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் ஆரம்பித்த வாரம் என்றாள். கப்பலின் பெயர் கேட்டேன், சொன்னாள். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள், எந்தத் துறைமுகத்தில் இறக்கினார்கள் என்று கேட்டேன்.

"எனக்கு எட்டு வயசுங்க" என்றாள். கோயில் மணி அடித்தது. என் லேஸ் அவிழ்ந்துவிட்டிருந்தது.

புதன்கிழமை ஆபீஸ் லைப்ரரியில் நாற்பத்திரண்டாம் வருஷத்து இதழ்களின் பைண்டு வால்யூம்களை எடுத்தேன். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அந்தப் பெயரில் கப்பல் இல்லை. மூழ்கியதாக நாலு வரி கூட இல்லை. அன்று சாப்பிடும்போது சொன்னேன்: "ஃபைல் முழுக்கப் பார்த்தாச்சு. அப்படி ஒரு நியூஸே இல்லை."

அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "அப்ப இருந்திருக்காது" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் லைப்ரரியைக் கவனித்து வந்தவரிடம் வேறு எதற்கோ போனபோது இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யுத்த காலத்துல கப்பல் முழுகினதைப் போட விடுவானா? சென்சார் உக்காந்திருந்தான்யா. பத்திரிகைக்காரன் நீயே இப்படிக் கேட்டா எப்படி?"

அன்று வீட்டுக்குப் போய் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்கள் தொழிலில் திருத்தம் வெளியிடுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. தவறென்று யாராவது எழுதிக் கேட்டால் உள்பக்கத்தில் கீழே நாலு வரி போடுவோம். யாரும் கேட்காவிட்டால் தவறு பைண்டு வால்யூமில் அப்படியே இருக்கும். அவள் கேட்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். வருஷங்கள் போயின. பிள்ளைகள் இல்லை. வீடு கட்டினோம். ஒரு ஷூவோடு நின்ற கதை அங்கேயே நின்றது.

செட் போட்ட வாரத்தில், கப்பலில் வரும் குழந்தைகளுக்காக இருபது பேரை அனுப்பும்படி சினிமாக்காரர்கள் பள்ளியைக் கேட்டார்கள். கூடப் போகும் ஆசிரியையாக அவளை அனுப்பினார்கள். முதல் நாளே அங்கிருந்த உதவி டைரக்டரிடம் ஏணி இல்லாததைச் சொல்லியிருக்கிறாள். எப்படித் தெரியும் என்று அவன் கேட்டிருக்கிறான். அவள் சொல்லியிருக்கிறாள். இது எனக்குத் தெரிந்தது டீக்கடையில்.

"உங்க வூட்டம்மாதான் இப்ப அங்க எல்லாம், சார். டைரக்டரே எழுந்து நாற்காலி போட்டார்னா பாத்துக்க."

அந்தச் சனிக்கிழமை, இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். மாலை நாலு மணிக்கு விழித்தது என் மனைவியின் சிரிப்புச் சத்தத்தில். அப்படிச் சத்தமாக அவள் சிரித்து அதற்கு முன்பு ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன், பள்ளி ஆண்டு விழாவில். எழுந்துபோய்க் கதவருகே நின்றேன்.

முன்னறையில் எங்கள் சாப்பாட்டுப் பெஞ்சின் ஒரு முனைக்கு இரண்டு செங்கல் வைத்துச் சாய்த்திருந்தார்கள். அதில் அந்த உதவி டைரக்டர் உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயதிருக்கும். காது மடல் வரை கிருதா, மடித்துவிட்ட டெரிலீன் சட்டை. கையில் நோட்டு கிடையாது. ஏதோ ஓர் அச்சுத் தாளின் பின்பக்கத்தில் தச்சர்கள் வைத்திருக்கும் தட்டைப் பென்சிலால் படம் போட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, அப்பா கீழ உக்காந்து ஷூவைக் கழட்டுறார். அப்ப உங்க கை எங்க இருந்துச்சு?"

"அப்பா தலைமேல."

"சும்மா வச்சிருந்தீங்களா, முடியைப் பிடிச்சிருந்தீங்களா?"

அவள் யோசித்தாள். வலது கையைக் காற்றில் நீட்டி விரல்களை மடக்கிப் பார்த்தாள். "பிடிச்சிருந்தேன். எண்ணெய் தடவியிருப்பாங்க, வழுக்கும். அதனால ரெண்டு கையாலயும்."

பத்திரிகையில் அதுவரை பதினாறு வருஷம் ஆகியிருந்தது எனக்கு. எத்தனையோ பேரைக் கேள்வி கேட்கிறவர்களின் எழுத்தைத் திருத்தியிருக்கிறேன். கை எங்கே இருந்தது என்று கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றியதில்லை. அவன் மீது எனக்கு முதலில் வந்த பொறாமை அவன் கிருதாவுக்காகவோ அவள் சிரிப்புக்காகவோ இல்லை, அந்தக் கேள்விக்காக. சிரிப்புக்கானது ஒரு நிமிஷம் கழித்து வந்தது.

"சரிக்கா, இப்ப ரெண்டாவது ஷூ..." என்று தொடங்கியவன் என்னைப் பார்த்து எழுந்தான். "வணக்கம் சார். தூங்குறீங்கன்னு அக்கா சொன்னாங்க. எழுப்பிட்டோமா?"

"இல்லை. உட்காருங்க" என்றேன்.

அவன் உட்காரவில்லை. மற்றதை நாளைக்குப் பேசலாம் என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டான். என் மனைவி பெஞ்சுக்கு அடியிலிருந்து செங்கற்களை எடுத்தாள். மேஜையில் மூன்று காப்பி டம்ளர்கள் இருந்தன. இரண்டு அவன் குடித்தவை.

எனக்கு ஒரு ஷூ. அவனுக்கு இரண்டு. அந்த வாரம் முழுவதும் தலைப்பு எழுதும்போதும் அச்சுக்கோப்பவரிடம் பக்கத்தை ஒப்படைக்கும்போதும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என்னாலும் உதவ முடியும் என்று காட்ட ஒன்று செய்தேன். லைப்ரரியில் பழைய கலைக்களஞ்சியங்களை எடுத்து வைத்துக்கொண்டு, பயணிக் கப்பல்களைப் பற்றி முழுத்தாளில் இரண்டரைப் பக்கம் குறிப்பெடுத்தேன். உயிர்காப்புப் படகுகளை எப்படி இறக்குவார்கள், ஆபத்துக்குச் சங்கு எத்தனை முறை ஊதும், எந்தத் தட்டில் எந்த வகுப்பு. ஏரிக்கரைக்குப் போய் அவனிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அருமையா இருக்கு சார். ஆனா இதெல்லாம் ஃபிரேமுக்குள்ள வராது."

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் கரையில் மேக்கப் மேஜை ஆடாமலிருக்க ஒரு காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைத்திருந்தது. என் கையெழுத்து எனக்குத் தெரியும்.

அப்பாவாக நடிக்க வந்தவர் ஒரு நாடக நடிகர். என் மனைவி அவரைப் பார்த்துவிட்டு வந்து, "பின்னால இருந்து பார்த்தா அப்பாவேதாங்க" என்றாள். ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் எதுவுமில்லை. அவள் அப்பாவின் படம் ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் அந்த நடிகரைப் பின்னாலிருந்து பார்த்தேன். மர நிழலில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அகலமான முதுகு, கொஞ்சம் கூன். அன்று வீட்டில் அவள் இல்லாத நேரம் பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் சவரக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு என் முதுகைப் பார்த்தேன். எதற்கென்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

கப்பல் சாய்வதை எடுத்த நாள் நான் கரையில் இருந்தேன். மேல்தட்டுப் பலகையைத் தனியே கட்டி, ஒரு பக்கத்துக்கு மட்டும் லாரி ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் மூட்டையும் பெட்டியுமாக நின்றார்கள். முக்கால்வாசிப் பேர் ஏரித் தண்ணீரில் பயிர் வைத்துப் பழகிய குடும்பங்கள். ஏற்றம், வாய்க்கால், சேறு எல்லாம் தெரிந்தவர்கள். கால் வழுக்கினால் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலகை இடப்பக்கம் சாய்ந்தால் எல்லாரும் வலப்பக்கம் சாய்ந்து சமாளித்து நின்றார்கள். ஒருவரும் விழவில்லை. நாலு முறை எடுத்தும் விழவில்லை.

டைரக்டர் மைக்கில், "விழுங்கய்யா, விழுந்து கத்துங்க" என்றார்.

கோட்டுப் போட்டு நின்ற டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "நாங்க இன்னா சார் பண்றது? வுழணும்னு நெனச்சா காலு வுட மாட்டேங்குது. கத்தலாம்னா எதிர்ல எம் பொண்டாட்டி நின்னு சிரிச்சுகினு கீறா."

"அவரு கப்பல்லயும் கடன் சொல்லித்தான் ஏறியிருப்பாரு" என்றாள் அந்த அம்மாள். கரை முழுக்கச் சிரித்தது.

கடைசியில் கத்தினார்கள். பிறகு நிறுத்தவே முடியவில்லை. அப்போது குழந்தைகளோடு நின்றிருந்த என் மனைவி பலகையிலிருந்து இறங்கி டைரக்டரின் நாற்காலிக்குப் போனாள். பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் பேசுகிற அதே குரல்.

"யாரும் கத்தலை சார்."

"டீச்சர், கப்பல் முழுகுது. கத்தாம என்ன பண்ணுவாங்க?"

"பிளேட்டுங்க விழுறதைக் கேட்டுகிட்டு நின்னாங்க."

டைரக்டர் மைக்கைக் கீழே வைத்தார். உதவி டைரக்டர் அவரைத் தனியே அழைத்துப் போய் வெகுநேரம் பேசினான். திரும்பி வரும்போது அவன் என் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டியதையும் அவள் பதிலுக்குத் தலையை ஆட்டியதையும் பார்த்தேன். அப்பா ஷூவைக் கழற்றும் காட்சிக்கு மட்டும் கூச்சல் கிடையாது, இசை கிடையாது, பிளேட் சத்தம் மட்டும் என்று முடிவானதாம். அதையும் டீக்கடையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் வீட்டுச் செய்தி எல்லாம் எனக்கு அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த சீன் எடுக்கிறாங்க."

"எந்த சீன்?" தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"ஷூ." ஒரு தலையணை உறையை மடித்து வைத்தாள். "நீங்க வந்தா பார்க்கலாம்."

"இந்த வாரம் எனக்குப் பகல் டூட்டி."

"மாத்திக்க முடியாதா?"

"பார்க்கிறேன்" என்றேன்.

மாற்றிக்கொள்வது சுலபம். செய்தி ஆசிரியர் மேஜைக்குப் பின்னால் சுவரில் வாரத்து ஷிப்ட் அட்டவணை தொங்கும். இரண்டு பேர் பேசிக்கொண்டு பெயருக்கு நேரே பென்சிலால் அம்புக்குறி போட்டுக் கையெழுத்து வைத்தால் போதும். பல்வலிக்கும் கிரிக்கெட்டுக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறோம். புதன்கிழமை எதிர் மேஜைக்காரர் தானாகவே கேட்டார்.

"உங்க ஏரியில ஷூட்டிங்காமே. நாளைக்கு நான் பார்த்துக்கிறேன், நீங்க இருங்களேன். எனக்கு வெள்ளிக்கிழமை கொடுத்துடுங்க."

"வேண்டாம் சார். அதுல என்ன இருக்கு, வெயில்ல நிக்கணும்" என்றேன்.

காரணம் வேறு. ஷூட்டிங் நடக்கும் இடத்தில் கூட்டம் உள்ளே வராமலிருக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், டீக்கடைக்காரரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, என் மனைவிக்கு என்ன நடந்தது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவன் நிற்பான். நமக்கு வந்திருக்க வேண்டிய செய்தியைக் காலையில் போட்டிப் பத்திரிகையில் படிக்கிற பத்திரிகைக்காரனுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். அன்று முழுவதும் யாரிடமும் பேச முடியாது.

வியாழக்கிழமை அவள் ஏழு மணிக்கே போய்விட்டாள். நான் வழக்கமான வண்டியைப் பிடித்தேன். பத்து மணிக்கு மேஜையில் உட்கார்ந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரைக்கும் பார்த்தேன். மதியப் பதிப்புக்குத் துறைமுக நெரிசல் பற்றி ஒரு செய்தி வந்தது. இரண்டு பத்தித் தலைப்புக் கொடுத்தேன்.

மாலை வீட்டுக்கு வந்தபோது அவள் ஈரத் தலையோடு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கொடியில் கிடந்த புடவையின் கீழ்க் கரையில் ஏரிச்சேறு. சமையலறை ஜன்னல் கட்டையில் ஒரு ஷூ காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றுதான். குழந்தைகள் போடுவது.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"நல்லா வந்துச்சா?"

"அந்த உதவி டைரக்டர் தம்பி அழுதுட்டான்" என்றாள். "ஒரே டேக்தான். ரெண்டாவது எடுக்க வேண்டாம்னு டைரக்டரே சொல்லிட்டார்."

நான் மேற்கொண்டு கேட்டிருக்கலாம். அவன் அழுதான் என்று கேட்டதும் கை கால் கழுவப் போய்விட்டேன்.

செட்டைப் பிரிக்க மூன்று நாள் ஆயிற்று. பலகைகளை ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கப்பலின் வட்ட ஜன்னல் ஒன்றை டீக்கடைக்காரர் கடைக்கு முன்னால் மாட்டினார். அதன் வழியே பார்த்தால் பாய்லர் தெரியும். சமையலறை ஜன்னலில் மறுபடி தண்ணீர் தெரிந்தது.

படம் வெளிவந்தது செப்டம்பரில். சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில், ஒரு சனிக்கிழமை மேட்னிக்கு இருவரும் போனோம். டிக்கெட்டை நான்தான் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். ஏழு மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். இருட்டில் எல்லாரும் ஒன்றுதான். அங்கே கயிறு கிடையாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லாமலே, இரண்டாவது ஷூவைப் பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு அவனிடம் இருப்பதெல்லாம் என்னிடமும் இருக்கும்.

கப்பல் மூழ்குவது இடைவேளைக்கு முன்பு. கடிகாரத்தில் பதினோரு நிமிஷம். வயலின்கள் அலற, ஐம்பது பேரும் கத்தினார்கள். டீக்கடைக்காரர் இரண்டு விநாடி தெரிந்தார், எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து உறுதியாக நின்றார். அந்த நாடக நடிகரின் முதுகு ஒருமுறை தெரிந்தது. பலகை சாய்ந்தது, அடுத்த காட்சியில் எல்லாரும் தண்ணீரில் இருந்தார்கள். பெஞ்சு இல்லை. பிளேட் இல்லை. ஷூ இல்லை. "இடைவேளை" என்று எழுத்து விழுந்து விளக்குப் போட்டார்கள்.

என் மனைவி கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

வெளியே சோடாக்கடையருகே அவன் நின்றிருந்தான். கூட்டம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வந்தானாம். எங்களைக் கண்டதும் அவன் முகம் போன போக்கை இன்றும் சொல்ல முடியும்.

"அக்கா, மன்னிச்சுடுங்க. அந்த சீனைத் தூக்கிட்டாங்க."

"ஏம்ப்பா?"

"டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போட்டுக் காட்டினோம். சத்தமே இல்லாம மூணு நிமிஷம் ஓடினா, சவுண்டு போச்சுன்னு ஆபரேட்டரைத் திட்டுவான், விசில் அடிப்பான், சீட்டைக் கிழிப்பான்னு சொல்லிட்டார். நான் சண்டை போட்டேன்க்கா. கேக்கலை."

"பரவால்லப்பா" என்றாள். "எடுத்தியே."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விடுவதற்கில்லை. ஒரு கோலி சோடா குடித்து முடிக்கிற நேரம் அந்தச் சந்தோஷம் இருந்தது. அவனுடைய காட்சி போயிற்று, அவன் தோற்றான். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் உறைத்தது. அவன் அதைப் பார்த்திருக்கிறான். காமிராக்காரர், டைரக்டர், கயிற்றுக்குப் பின்னால் நின்ற ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பார்க்காதவன் நான். இனிமேல் பார்க்கவும் வழியில்லை.

மீதிப் படத்தையும் பார்த்துவிட்டு ரயிலேறினோம். அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பல்லாவரம் தாண்டியதும், பதினோரு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

"அந்தக் கப்பல் விஷயம். எங்க ஃபைல்ல இல்லாததுக்குக் காரணம் உண்டு. அப்ப சென்சார் இருந்துச்சு. கப்பல் முழுகினா போட விட மாட்டாங்க. நான் சொன்னது தப்பு."

"தெரியும்" என்றாள்.

"எப்பத்திலிருந்து?"

"அந்த வருஷத்துக் கிறிஸ்மஸிலிருந்து. உங்க லைப்ரரிக்காரர் கேக் சாப்பிட வந்தார்ல. நீங்க சோடா வாங்கப் போயிருந்தீங்க. 'சார்கிட்ட அப்பவே விவரமா சொன்னேம்மா, சொன்னாரா'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"சொன்னார்னு சொன்னேன்."

குரோம்பேட்டையில் வண்டி நின்று கிளம்பியது. எதிரே ஒருவர் மல்லிகைப்பூப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தார்.

"நீ ஏன் கேட்கலை?" என்றேன்.

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

சானடோரியம் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "சரி. ரெண்டாவது ஷூ என்ன ஆச்சு?"

அவள் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. மாணவர்களின் பரீட்சைத் தாளைப் பார்க்கிற பார்வை.

"என்னால ஒரு தடவைதாங்க சொல்ல முடிஞ்சுது. சொல்லியாச்சு. அதனாலதான் அந்த வியாழக்கிழமை வாங்கன்னு கூப்பிட்டேன்."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இப்போது ஐந்து வருஷம் ஆகிறது. அவன் இன்னும் கிறிஸ்மஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறான், முகவரியில் அவள் பெயருக்கு.

ஷூட்டிங் முடிந்து அவள் கொண்டுவந்த அந்த ஒற்றை ஷூ, பீரோவின் கீழ்த்தட்டில், கோயிலுக்குக் கட்டும் புடவைகளுக்குப் பின்னால் இருக்கிறது. இன்று மாலை நாலு பத்துக்கு, அவள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்பு, எடுத்துப் பார்த்தேன். இடது கால். தோல் காய்ந்து விறைத்திருக்கிறது. லேஸில் இழுத்து இறுகிய இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. இரண்டும் அவிழ்க்கப்படவில்லை.